வாசகர் கேள்வி – பதில்: போனை எடுத்துப் பேசிய மனிதர்

சென்ற இதழில் இந்தப் பகுதியின் அடியில் நாலு வரி எழுதியிருந்தேன். மக்கள் தொடர்புத் துறையில் என்னோடு நெடுங்காலம் வேலை பார்த்த நண்பர் காலமாகிவிட்டார், அதனால் இந்த முறை பதில்கள் குறைவு என்று. அதைப் படித்துவிட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். ஆறுதல் சொன்னவர்கள், அவரைப் பற்றிக் கேட்டவர்கள், தங்கள் அலுவலகத்தில் இழந்த ஒருவரை நினைத்துக்கொண்டு எழுதியவர்கள். இந்த இதழில் அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில். அவர் பெயரைப் போட வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

கேள்வி: நாலு வரியில் முடித்துவிட்டீர்களே, யார் அவர்? அவரை எப்படிப் பழக்கம்?
– நீண்ட நாள் வாசகி

நான் அப்போது நிருபர். ஒரு நிறுவனத்தைப் பற்றி வாடிக்கையாளர்கள் சொன்ன புகார்களை வைத்து ஒரு செய்தி தயார் செய்திருந்தேன். அச்சுக்குப் போகும் முன் எதிர்த் தரப்பையும் கேட்க வேண்டுமே, அதற்காக அந்த நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அலுவலருக்குப் போன் செய்தேன். இந்த மாதிரி அழைப்புகளுக்குக் கிடைக்கும் பதில்கள் எங்களுக்கெல்லாம் மனப்பாடம். சார் மீட்டிங்கில் இருக்கிறார், கேள்விகளை மெயிலில் அனுப்புங்கள், திங்கட்கிழமை பேசலாம்.

இவர் போனை எடுத்தார். புகார்களை முழுதாகக் கேட்டுக்கொண்டார், குறுக்கே பேசவில்லை. அப்புறம், "உங்கள் பக்கம் எத்தனை மணிக்கு முடியும்மா?" என்றார். எட்டு மணி என்றேன். "ஏழு மணிக்குக் கூப்பிடுகிறேன். பதில் கிடைத்தால் சொல்கிறேன். கிடைக்கவில்லை என்றால் அதையும் நானே கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன். எனக்காகப் பக்கத்தை நிறுத்தி வைக்க வேண்டாம்" என்றார்.

ஏழு மணிக்குக் கூப்பிட்டார். புகார்களில் ஒன்று தவறு, மற்றவை சரி என்றார். தவறானதற்கு ஆவணம் அனுப்பினார். மற்றவற்றில், குறை எப்போது நிறுவனத்துக்குத் தெரிய வந்தது என்று கேட்டபோது மழுப்பாமல் தேதியைச் சொன்னார். மறுநாள் வந்த செய்தி அந்த நிறுவனத்துக்கு உவப்பாக இல்லை. காலையில் அவருடைய அழைப்பு வந்ததும், சண்டை போடத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். "மூன்றாவது பத்தியில் எங்கள் இயக்குநர் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. இணையப் பதிப்பில் திருத்திவிடுங்கள்." அவ்வளவுதான். செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சில வருடங்கள் கழித்து நான் நிருபர் வேலையை விட்டுவிட்டு மக்கள் தொடர்புக்கு வந்தேன். அவர் இருந்த அலுவலகத்துக்கே வந்தேன். அது தற்செயல் இல்லை. இந்த வேலையை அப்படியும் செய்யலாம் என்று அந்த இரண்டு போன் அழைப்புகளில் கண்டுகொண்டதுதான் காரணம்.

செய்திக் குறிப்பு எழுதி எடுத்துக்கொண்டு போனால் சட்டைப் பையிலிருந்து பச்சை மைப் பேனாவை எடுப்பார். 'முன்னணி', 'புகழ்பெற்ற', 'புரட்சிகரமான' என்று வருகிற இடங்களில் எல்லாம் ஒரு கட்டம் போடுவார். கட்டத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு, "இதை யாரம்மா சொன்னது?" என்பார். நாமே சொல்லிக்கொள்வதுதான் என்றால் அடித்துவிடுவார். மிஞ்சியதை வாய்விட்டுப் படிப்பார். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக வெட்டுவார். கடைசியில் 'தொடர்புக்கு' என்ற இடத்தில் தன்னுடைய சொந்தக் கைபேசி எண்ணை எழுதுவார். அலுவலகப் பொது எண்ணைப் போட்டால் ராத்திரி பத்து மணிக்கு யார் எடுப்பார்கள் என்று கேட்பார். அவர் எடுப்பார். டெஸ்க்கில் இரவுப் பணி பார்க்கும் சப் எடிட்டர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கேள்வி: மக்கள் தொடர்பு என்பதே காசு வாங்கிக்கொண்டு பொய்யை மெய்யாக்கும் வேலைதானே? அந்தத் தொழிலில் இருந்த ஒருவரை நேர்மையானவர் என்று நீங்கள் சொல்வது எனக்கு நெருடுகிறது. கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

கோபமில்லை, ஐயா. உங்கள் சந்தேகத்துக்கான காரணம் இந்தத் தொழிலின் வரலாற்றிலேயே இருக்கிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் அண்ணன் அதை மறைத்ததே இல்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே உட்கார வைத்துச் சொல்லுவார்.

முதலில் ஐவி லீயின் கதை. அமெரிக்காவில் நிருபராக இருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். 1906-ல் நிலக்கரிச் சுரங்க முதலாளிகளுக்காக வேலை பார்த்தபோது பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். எங்கள் வேலை முழுவதும் வெளிப்படையாக நடக்கும், நாங்கள் தருவது செய்தி, இது விளம்பரப் பிரிவுக்குப் போக வேண்டியது என்று தோன்றினால் பயன்படுத்தாதீர்கள், எதைச் சரிபார்க்க விரும்பினாலும் உதவுகிறோம் என்பது அதன் சாரம். இன்றைக்கும் இந்தத் துறையின் பாடப் புத்தகங்களில் அதற்கு இடம் உண்டு. அதே ஐவி லீதான், 1914-ல் கொலராடோவின் லட்லோவில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது பெண்களும் குழந்தைகளும் மாண்ட பிறகு, சுரங்க முதலாளிகளான ராக்ஃபெல்லர் தரப்புக்காகத் துண்டறிக்கைகள் வெளியிட்டார். அவற்றில் தொழிற்சங்கத் தலைவர்கள் வாங்கிய சம்பளத்தைப் பற்றிய கணக்கே தவறாக இருந்தது.

அடுத்து எட்வர்ட் பெர்னேஸ். 1929-ல் நியூயார்க்கின் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்கள் சிகரெட் பற்றவைத்தபடி நடக்க ஏற்பாடு செய்தவர். பெண் விடுதலையின் அடையாளமாக அது பத்திரிகைகளில் வந்தது. பின்னால் இருந்தது ஒரு சிகரெட் கம்பெனி. அப்புறம் 1954 ஜனவரி 4. சிகரெட்டுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்று ஆய்வுகள் வரத் தொடங்கிய காலம். சிகரெட் கம்பெனிகள் சேர்ந்து, ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்தின் வழிகாட்டலில், அமெரிக்காவில் 400-க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் ஓர் அறிக்கையை விளம்பரமாகப் போட்டன. எங்கள் பொருள் உடலுக்குக் கெடுதல் இல்லை என்று நம்புகிறோம், இருந்தாலும் ஆராய்ச்சிக்கு உதவுவோம் என்று. அண்ணன் அந்த விளம்பரத்தின் நகலை மேஜை மேல் விரித்து வைப்பார். "எழுத்தைப் பாருங்கள், எவ்வளவு பணிவாக இருக்கிறது. நம் தொழில் தெரிந்தவர்கள் எழுதியது. இதை நம்பி எத்தனை பேர் தொடர்ந்து புகைத்திருப்பார்கள் என்று யோசித்துவிட்டு உங்கள் இடத்துக்குப் போங்கள்" என்பார்.

நெறிமுறைகள் இல்லாமல் இல்லை. 1955-ல் தொடங்கிய சர்வதேச மக்கள் தொடர்புச் சங்கம் 1965-ல் ஏதென்ஸில் ஒரு நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை அடியொற்றியது அது. ஆனால் நெறிமுறை தாளில் இருப்பது வேறு, நெருக்கடி வரும் இரவில் ஒருவர் என்ன செய்கிறார் என்பது வேறு. அப்படி ஒரு இரவில் நான் அவர் பக்கத்தில் இருந்தேன்.

எங்கள் கிளையன்ட் ஒருவருடைய தொழிற்கூடத்தில் தீ விபத்து. வாசலில் நிருபர்களும் கேமராக்களும். உள்ளே நிர்வாகிகள். காலை வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்று ஒரே பேச்சு. அண்ணன் அவர்களிடம் வாதம் செய்துகொண்டிருக்கவில்லை. "நான் வெளியே போய் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லப்போகிறேன். வேண்டாம் என்றால் என்னை இப்போதே நீக்கிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார்.

வாசலில் அவர் பேசியது சின்னப் பேச்சு. தீ இத்தனை மணிக்குப் பிடித்தது, இன்னும் அணையவில்லை. காயமடைந்தவர்களை மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறோம். எத்தனை பேர் என்று எனக்கு இன்னும் உறுதியாகத் தெரியாது, தெரியாமல் சொல்ல மாட்டேன். காரணமும் தெரியாது. ஒரு மணி நேரத்தில் திரும்ப வருகிறேன், புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்றாலும் வருகிறேன்.

மருத்துவமனைக்குத் தானே போனார். இரண்டு பேர் இறந்துவிட்டார்கள் என்பது அங்கே உறுதியானது. சொன்ன நேரத்துக்கு வாசலுக்குத் திரும்பி வந்து, இருவர் உயிரிழந்துவிட்டார்கள், பெயர்களை இப்போது தர முடியாது, அவர்கள் வீடுகளுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை என்றார். நிருபர்களில் ஒருவருக்குப் பெயர்கள் ஏற்கெனவே கிடைத்திருந்தன. அண்ணன் அவரைத் தனியே அழைத்துக் கேட்டுக்கொண்டார்: "ஒரு அம்மா இதை டி.வி.யில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது, தம்பி. வீட்டுக்குப் போன ஆள் திரும்பியதும் முதல் போன் உங்களுக்குத்தான்." அந்த நிருபர் பெயர்களை வெளியிடாமல் காத்திருந்தார். அதற்கு முன் எத்தனையோ சின்னச் சின்னச் செய்திகளில் அண்ணன் அவரை ஏமாற்றாமல் இருந்ததால்தான் அன்றைக்கு அவர் நம்பினார்.

அந்த கிளையன்ட் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. எங்கள் அலுவலகத்துக்கு அது பெரிய அடிதான். அண்ணன் அதைப் பற்றி வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஐயா, தொழிலுக்காக நான் வாதாடவில்லை. ஒரு மனிதருக்காகத்தான் வாதாடுகிறேன்.

கேள்வி: அவருக்கு என்ன ஆயிற்று?
– பலர்

உடல்நலமின்மை. அதற்கு மேல் சொல்வது குடும்பத்தாரின் உரிமை, அவர்கள் சொல்ல விரும்பவில்லை.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒரு மூத்தவர் இறந்துவிட்டார். இரங்கல் குறிப்பு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று தொடங்கினேன், அதற்கு மேல் நகரவில்லை. எப்படி எழுதுவது?
– மக்கள் தொடர்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்

அந்த முதல் வரியை எடுத்துவிடுங்கள், நகரும். யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற வரி அது. அதன் பின்னால் உங்கள் மூத்தவர் வந்து நிற்க இடமில்லை.

எழுத உட்காரும் முன் குடும்பத்தில் ஒருவரிடம் பேசுங்கள். ஒருவர் போதும், ஆளாளுக்குப் போன் செய்து அந்த வீட்டைத் தொந்தரவு செய்ய வேண்டாம். யாரிடம் பேசுவது என்பதை உறவினரோ நெருங்கிய நண்பரோ சொல்லிவிடுவார்கள். பெயரை எப்படி எழுதுவார்கள், முதலெழுத்து எது, வயது, பிள்ளைகள் பெயரைக் குறிப்பிடலாமா, கடைசி மரியாதைக்கு எல்லோரும் வரலாமா அல்லது வீட்டோடு வைத்துக்கொள்கிறார்களா, எந்தப் படத்தைப் போட வேண்டும். படத்தை அவருடைய முகநூலிலிருந்து நீங்களாக எடுக்காதீர்கள். நோயின் பெயரைக் கேட்காதீர்கள்; அவர்களாகச் சொன்னாலும் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். சேர்ந்த வருடம், வகித்த பொறுப்புகள் எல்லாவற்றையும் நினைவிலிருந்து எழுதாமல் பணியாளர் பிரிவில் சரிபாருங்கள். இரங்கல் குறிப்பில் வருகிற பிழை குடும்பத்தாரின் மனதில் காலத்துக்கும் நின்றுவிடும். வேறு எந்தச் செய்திக் குறிப்பையும் யாரும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்வதில்லை, இதை வைத்துக்கொள்வார்கள்.

அதற்கப்புறம்தான் மனிதரைப் பற்றி. மேலதிகாரிகளைக் கேட்டால் அர்ப்பணிப்பு, தலைமைப் பண்பு என்று சொல்வார்கள். வரவேற்பறையில் இருப்பவர், கார் ஓட்டியவர், கணக்குப் பிரிவில் பில் பாஸ் செய்தவர், இவர்களைக் கேளுங்கள். அண்ணனைப் பற்றிய குறிப்பை நான்தான் எழுதினேன். எங்கள் வரவேற்பறையில் இருக்கும் பெண் சொன்னது இது: "மத்தவங்க எல்லாம் இன்டர்காமில் 'மேலே அனுப்பு'ன்னு சொல்லுவாங்க மேடம். சார் மட்டும் தானே படியிறங்கி வந்து கூட்டிட்டுப் போவார். பயிற்சிக்கு வந்த பசங்களா இருந்தாலும் சரி, வயசானவங்களா இருந்தாலும் சரி." வாங்கிய விருதுகளின் பட்டியலை விட்டுவிட்டு இதை வைத்தேன்.

நிறுவனத்தின் பெருமை குறிப்புக்குள் நுழையப் பார்க்கும். இத்தனை கிளைகள் கொண்ட எங்கள் குழுமம் என்று யாராவது ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள். பணிவாக மறுத்துவிடுங்கள். வெளியே அனுப்பும் முன் வீட்டாருக்கு ஒரு முறை படித்துக் காட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: உயிரோடு இருப்பவரைப் பற்றி எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் இரங்கல் செய்தி போட்டுவிட்டார்கள். அவர் மனைவி அதைப் பார்த்துவிட்டார். இதற்கு என்ன சொல்வது?
– அலுவலக ஊழியர்

அந்த அம்மாவின் நிலையை நினைத்தாலே பதைக்கிறது. 2008-ல் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் ஸ்டீவ் ஜாப்ஸுக்காக முன்கூட்டியே எழுதி வைத்திருந்த இரங்கல் கட்டுரையைத் தவறுதலாக வெளியிட்டுவிட்டு உடனே திரும்பப் பெற்றது. அவர் இறந்தது 2011-ல். பிரபலங்களுக்கு இப்படி முன்பே எழுதி வைப்பது பெரிய செய்தி நிறுவனங்களில் வழக்கம்தான். பல கண்கள் பார்க்கும் இடத்திலேயே இப்படி நடக்கிறது என்றால் குரூப்பில் கேட்கவா வேண்டும்?

குடும்பத்தார் ஒருவரோ, உடன் இருந்தவரோ நேரடியாகச் சொன்னால் தவிரப் பகிராதீர்கள். 'எனக்கு வந்தது, உண்மையா?' என்று கேட்டு அதையே அனுப்புவதும் பகிர்வதுதான். சந்தேகம் இருந்தால் ஒருவருக்குத் தனியே போன் செய்யுங்கள். போட்டவர் அந்த அம்மாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், குரூப்பில் 'சாரி' போடுவது போதாது.

கேள்வி: என் பக்கத்து இருக்கையில் இருந்த தோழி இறந்து சில மாதங்கள் ஆகின்றன. இன்னும் அழுகிறேன். "ஆபீஸ் ஃபிரெண்ட்தானே, சொந்தமா பந்தமா?" என்கிறார்கள் வீட்டில். எனக்கே சந்தேகமாக இருக்கிறது, நான் அளவுக்கு மீறிப் போகிறேனோ?
– ஒரு சகோதரி

இல்லை, தங்கச்சி. விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை அவரோடுதான் கழித்திருக்கிறீர்கள். மேலதிகாரி திட்டியபோது உங்கள் முகத்தை முதலில் பார்த்தவர் அவர். சம்பளம் கூடியதையும் குழந்தைக்குக் காய்ச்சல் என்பதையும் முதலில் கேட்டவரும் அவராகத்தான் இருப்பார். அந்த இருக்கை தினமும் காலையில் கண்ணில் படும். வீட்டில் இருப்பவர்களுக்கு அவர் ஒரு பெயர் மட்டும்தான், அதனால் அவர்களுக்குப் புரியவில்லை. அவர்கள் மேல் கோபப்பட வேண்டாம்.

இப்படி மற்றவர்கள் அங்கீகரிக்காத துக்கத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989-ல் ஒரு நூலையே கொண்டுவந்தார். நண்பர்கள், சக ஊழியர்கள், பிரிந்துபோன துணை என்று, அழ உரிமை இல்லாதவர்களாகக் கருதப்படுபவர்களின் துக்கம். விடுப்பு கிடையாது, துக்கம் விசாரிக்க யாரும் வர மாட்டார்கள், மறுநாளே வேலைக்குப் போயாக வேண்டும். துக்கம் குறைவதில்லை, அதை வைக்க இடம்தான் இல்லாமல் போகிறது.

அண்ணன் போன பிறகு எனக்கு உதவியது ஒன்றே ஒன்று. அவரை அறிந்த இரண்டு பேரோடு அவரைப் பற்றியே பேசினேன். அறியாதவர்களிடம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. உங்கள் தோழியை அறிந்தவர் அலுவலகத்தில் கட்டாயம் இருப்பார், அவரும் யாராவது பேச்சை எடுக்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருக்கலாம். நீங்கள் எடுங்கள். சாப்பிட முடியாமல், தூங்க முடியாமல், வேலையே ஓடாமல் நாட்கள் நீண்டால் மனநல ஆலோசகரைப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம்.

கேள்வி: அவருக்குப் பிடிக்காத விஷயம்?
– இதழியல் மாணவர்

அனுப்பிய செய்தி வந்ததா, எப்போது போடுவீர்கள், எந்தப் பக்கம் என்று நிருபரை நச்சரிப்பது. செய்தியில் விஷயம் இருந்தால் அவர்களே கூப்பிடுவார்கள் என்பார். பெரும்பாலும் கூப்பிட்டார்கள்.

கேள்வி: நண்பரின் நினைவுக் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் பெரிய நிறுவனங்களின் நெருக்கடிகளைச் சமாளித்தவர். சுவையான சம்பவங்கள் நிறையத் தெரியும். சொல்லலாமா?
– விளம்பரத் துறை வாசகர்

சம்பவத்தில் வேறொருவருடைய ரகசியம் இருந்தால் சொல்லாதீர்கள். மக்கள் தொடர்புக்காரர்கள் தங்களுடையது அல்லாத ரகசியங்களோடுதான் வாழ்கிறார்கள். எந்த முதலாளி எந்த இரவில் கைநடுங்கினார், எந்த அறிக்கை எத்தனை முறை மாற்றப்பட்டது என்பதெல்லாம் உங்கள் நண்பர் காத்து வைத்தவை. அவர் போய்விட்டார் என்பதற்காக அந்தப் பூட்டைத் திறக்க நமக்கு அனுமதி கிடைத்துவிடாது. மேலே நான் சொன்ன தீ விபத்தில்கூட இடம், ஆண்டு, நிறுவனம் எதையும் சொல்லாமல் இருப்பது இதனால்தான்.

அவர் உங்களுக்குச் செய்தது எது? அதைச் சொல்லுங்கள். ஒரே ஒரு சம்பவம், அதையும் அவசரமில்லாமல். மூன்று நான்கு நிமிடம் போதும். வீட்டார் முன் வரிசையில் இருப்பார்கள், அவர்களுக்குத் தெரியாத அலுவலகச் சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். 'கவரேஜ்', 'எம்பார்கோ' என்றெல்லாம் போனால் தங்கள் மனிதரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதே அவர்களுக்கு எட்டாது. தாளில் எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள். நடுவில் குரல் அடைத்தால் நிறுத்திக்கொள்ளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கேள்வி: இறந்துபோன எங்கள் மேலாளருக்கு லிங்க்ட்இன்னில் இன்னும் 'பணி ஆண்டு வாழ்த்துகள்' போடுகிறார்கள். முகநூலில் பிறந்தநாள் வாழ்த்து. பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. நிறுத்த முடியாதா?
– மனிதவளப் பிரிவிலிருந்து

முடியும். இரண்டு தளங்களிலும் ஒருவர் இறந்துவிட்டதைத் தெரிவித்து அவருடைய பக்கத்தை நினைவுப் பக்கமாக மாற்றக் கோரலாம். முகநூலில் அப்படி மாற்றினால் பெயரருகே நினைவுக் குறிப்பு வரும், பிறந்தநாள் நினைவூட்டல்கள் மற்றவர்களுக்குப் போகாது, யாரும் உள்ளே நுழையவும் முடியாது. நீங்களாகச் செய்யாதீர்கள், முதலில் குடும்பத்தாரிடம் கேளுங்கள். சிலருக்கு அந்த வாழ்த்துகளைப் பார்ப்பதே ஆறுதலாக இருக்கும். சிலர் அந்தப் பக்கத்துக்குள் போய்ப் படங்களை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அதற்கு அவகாசம் கொடுங்கள்.

அலுவலக மின்னஞ்சல் உங்கள் பொறுப்பு. அதற்கு ஒரு தானியங்கிப் பதில் போட்டு, இனி யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். வெளியாட்கள் பலருக்கு அந்தப் பதில்தான் இறப்புச் செய்தியாகப் போய்ச் சேரும், ஆகவே அந்த இரண்டு வரியை மனதோடு எழுதுங்கள்.

கேள்வி: இருவருக்கும் கருத்து வேறுபாடே வந்ததில்லையா?
– வாசகர்

வராமல் என்ன. பெரிய சண்டை டைலனால் என்ற வலி மாத்திரை பற்றியது. 1982-ல் சிகாகோ பகுதியில் யாரோ அந்த மாத்திரைக் குப்பிகளில் சயனைடு கலந்ததில் 7 பேர் இறந்தார்கள். தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் அமெரிக்கா முழுவதிலிருந்தும் சுமார் 3 கோடியே 10 லட்சம் குப்பிகளைத் திரும்பப் பெற்றது. அதற்கு ஆன செலவு 10 கோடி டாலருக்கு மேல். சில வாரங்களில், பிரித்தால் தெரிந்துவிடும் மூன்றடுக்கு முத்திரையோடு மாத்திரை மறுபடி கடைக்கு வந்தது. நெருக்கடியில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு உலகம் முழுவதும் இதைத்தான் பாடமாக நடத்துகிறார்கள்.

எனக்கு அந்தத் திரும்பப் பெறுதல்தான் பெரிது. அண்ணனுக்கு வேறொன்று பெரிது. எங்கள் ஆலையில் சயனைடு கிடையாது என்று நிறுவனம் முதலில் நிருபர்களிடம் சொல்லிவிட்டது. அப்புறம்தான் தரப் பரிசோதனைக்காகக் கொஞ்சம் வைத்திருப்பது தெரிய வந்தது. சாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இருந்தாலும் முன்பு சொன்னது சரியில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். "குப்பியைத் திரும்ப வாங்கப் பணம் இருந்தால் போதும். நேற்று சொன்னதை இன்றைக்குத் திரும்ப வாங்கத்தான் ஆள் வேண்டும்" என்பார் அண்ணன். பணம் இருக்கிற எத்தனை கம்பெனிகள் வாங்குகின்றன என்று நான் கேட்பேன். எங்கள் அறைக் கதவு திறந்திருந்தால் மொத்த அலுவலகமும் கேட்கும். இன்றைக்கும் என் கட்சியில்தான் இருக்கிறேன். எதிர்க்கட்சிதான் இல்லை.

கேள்வி: அவர் நினைவாக ஏதாவது செய்யப்போகிறீர்களா? நாங்கள் உதவலாமா?
– இரவுப் பணி சப் எடிட்டர்

விருது, அறக்கட்டளை என்றெல்லாம் யோசனை வந்தது. வீட்டாருக்கு அதில் விருப்பமில்லை. அவர் எழுதிய செய்திக் குறிப்புகளில், சம்பந்தப்பட்டவர்கள் அனுமதி தருகிறவற்றை மட்டும் திரட்டி, புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் படிக்கும்படி ஒரு தொகுப்பாகச் செய்யலாம் என்றதும் அவருடைய மகள் சரி என்றார். பச்சை மைத் திருத்தங்களோடு இருக்கும் தாள்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. எதை எழுதினார் என்பதைவிட எதை அடித்தார் என்பதில்தான் பிள்ளைகளுக்குப் பாடம் இருக்கிறது.

உங்களைப் போல டெஸ்க்கில் இருப்பவர்களிடமும் பழைய நிருபர்களிடமும் அவர் அனுப்பிய குறிப்புகளும் கடிதங்களும் இருக்கக்கூடும். நகல் எடுத்து இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆண்டு, எதற்காக வந்தது என்று பின்பக்கம் இரண்டு வரி எழுதுங்கள். ஆஃப் தி ரெக்கார்டாக, அதாவது வெளியிட வேண்டாம் என்று, அவர் உங்களிடம் சொன்னது எதுவும் வேண்டாம். தாளில் வேறு யாருடைய போன் நம்பராவது இருந்தால் அனுப்பும் முன் அதை மறைத்துவிடுங்கள்.